பாரம் படகைப் பிடிக்காது

கல்முனையிலிருந்து பொத்துவில் நோக்கி ட்ரெயிலரில் படகு கொண்டுசெல்வோருக்கு, ‘நடுவே ஒரு கயிறு போதும், படகின் பாரமே அதை நிறுத்தும்’ என்று சகோதரர் ஒருவர் உபதேசித்திருப்பது ஆபத்தான வாதமாகும். பாரம் கீழ்நோக்கி அழுத்துமேயன்றி முன்னோக்கிய வேகத்தைத் தடுக்காது. சாய்ந்தமருதுச் சந்தடியில் சாரதி சடுதியாகப் பிரேக் போடும் கணத்தில், வண்டி நின்றாலும் படகு நில்லாது, பாரம் மிகுந்த அளவுக்கு உந்தமும் மிகுந்து, அந்த ஒற்றைக் கயிற்றையே அறுத்துக்கொண்டு பாயும். ஆதலால் அணியத்து வளையத்தை முன்னும் பின்னுமாக இரு திசைகளில் இழுத்துக் கட்டி, பின்புற வளையங்களைத் தனித்தனியே சட்டத்தோடு பிணைத்து, நடுவில் பட்டி போட்டு, விளிம்பு உராயுமிடத்தில் சாக்கு வைப்பதே யுக்தமான முறை. நனைந்தால் நீளும் நைலோன் கயிற்றைவிடப் பொலியெஸ்டர் பட்டியே சிரேஷ்டம். சில மைல் சென்றதும் இறங்கிக் கட்டுகளின் இறுக்கத்தைச் சோதிப்பது சாரதியின் கடமை, ஏனெனில் கட்டுத் தளர்ந்தால் பலியாவது வீதியில் செல்லும் அந்நியரின் உயிரே.