தோழி வீட்டுக் கிறிஸ்துமஸ்



அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பீளமேட்டில் பல வீடுகள் பூட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் ஊட்டி, பழனி, இல்லையென்றால் அம்மாயி வீடு. 2012-இல் நம் விமான நிலையம் பன்னாட்டு நிலையமான பிறகு பேச்சே மாறிவிட்டது. இங்கிருந்து நேரே சிங்கப்பூர் போக நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ரயிலில் சென்னை போய்ச் சேர அதைவிட நேரமாகிறது.

போன டிசம்பரில் நானும் போனேன். கல்லூரியில் கூடப் படித்தவள் அங்கே இருக்கிறாள். "ஓட்டல்ல ரூம் போட்டீன்னா அப்புறம் பேச்சே இல்ல பாத்துக்க" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது?

24-ஆம் தேதி இரவு ஆர்ச்சர்ட் சாலை. 1984 முதல் ஆண்டுதோறும் அங்கே கிறிஸ்துமஸ் விளக்கலங்காரம் செய்கிறார்கள். தைப்பூசத்தன்று மருதமலை அடிவாரத்தில் நகர்வதுபோலத்தான் நகர்ந்தோம். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் தீவு, போதாததற்கு டிசம்பர் மழை. குடை பிடித்துக்கொண்டு பனிமனிதனைப் பார்த்தோம்! கடைக் கண்ணாடிக்குள் பனியாகக் கொட்டியிருந்தது பஞ்சு. மில் ஊர்க்காரிகள் இருவரும் முதலில் பேசியது அதன் தரத்தைப் பற்றித்தான்.

எனக்குப் பிடித்தது மறுநாள். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குப் போனோம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் எழுந்த கோயில். பூசை முடிந்து வெளியே வந்தால் பட்டுப்புடவைகளும் நலம் விசாரிப்பும். வீட்டுக்கு வந்து அரிசியும் பருப்பும் சாதம் வைத்தோம், நெய் தாராளமாக. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மரக்கட்டை வடிவக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கிண்ணம் சாதம் வாங்கிப் போனார். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தபோது, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். என் தோழியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

26-ஆம் தேதி அங்கே விடுமுறை இல்லை. அவள் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள். இதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். நண்பர் வீட்டுக்குப் போகிறவர், அவரை வழிகாட்டியாகவும் வண்டியோட்டியாகவும் ஆக்கிவிடக் கூடாது. வங்கி அட்டையைத் தட்டினாலே மெட்ரோ ரயிலில் ஏறிவிடலாம். சிராங்கூன் சாலையில் தமிழிலேயே வழி கேட்கலாம். முஸ்தபா கடையில் கோடாலித் தைலம் வாங்கும் பட்டியலையும் தனியாகவே முடித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அவள் திரும்பும்போது சமையலை முடித்து வைத்திருந்தால், ராத்திரி பேசுவதற்கு நேரம் மிஞ்சும். நாங்கள் விடுதிக் கதைகளில் இறங்கினால் ஒரு மணிக்கு முன்னால் படுத்ததில்லை. ஏழு நாளில் மூன்று நாடு காட்டும் பயணத் திட்டங்களில் இது கிடைக்காது.

இந்த ஆண்டு கிளம்புகிறவர்களுக்கு: டிசம்பரில் டிக்கெட் விலை ஏறிவிடும், ஆடியிலேயே பார்த்து வையுங்கள். விசா வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை அரசு இணையதளத்தில் நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் நண்பர் வீட்டில் தங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள், பொங்கல் இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். சண்டை போட்டுக்கொண்டு திரும்பிய கதையென்றால் இரண்டு பக்கம்கூடப் போகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்