மாத்திரை எட்டு மணிக்கு, சூப் எத்தனை மணிக்கு?

"சித்த வைத்தியருக்கு பிரெஞ்சு ஹோட்டல்ல என்ன வேலை?" என்று கேட்டுவிடாதீர்கள். மனைவியின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, ஸ்ரீரங்கத்திலிருந்து குடும்பமாகப் புதுச்சேரி போயிருந்தோம். பிள்ளைகள் பிடிவாதம் பிடித்து, பிரெஞ்சுச் சாப்பாடு போடும் ஒரு நவநாகரிக ஹோட்டலுக்கு இழுத்துப் போனார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊருக்குப் புதியவர்களா என்ன? 1752-ல் அவர்கள் படை ஸ்ரீரங்கத்தில் முற்றுகையில் சிக்கி, உணவு வரத்து அறுந்து, ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அன்றிரவு அதே போலச் சரணடைய இருந்தவர் என் மைத்துனர்.

அவர் சர்க்கரை நோயாளி. வழக்கப்படி எட்டு மணிக்கு, லாட்ஜிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் என்றால் கால் மணியில் தட்டு வந்துவிடும். இங்கே ஆர்டர் எடுத்த பிறகுதான் அடுப்பில் வைக்கிறார்கள். அதுவும் ஒவ்வொன்றாக: சூப், பிறகு பெரிய அயிட்டம், கடைசியில் இனிப்பு. ஒன்பது தாண்டியும் சூப்பையே காணோம்.

"ஏசியில உட்கார்ந்துகிட்டு ஏண்ணா இப்படி வேர்க்குது?" என்றாள் என் மனைவி. பார்த்தால் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது! மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணியில் தெளிந்தார். பிறகு ரொட்டி கொடுத்தோம். க்ரீம் போட்ட இனிப்பு இதற்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். வெறும் வயிற்றில் ஒயின் இன்னும் ஆபத்து. கல்லீரல் சர்க்கரையை விடுவதை மது தடுத்துவிடும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான். சூரணம் தேடும் நேரமில்லை அது. சித்த வைத்தியனே சொல்கிறேன்!

சாப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாயை ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த 'ரட்டட்டூய்' நம் வீட்டுக் கூட்டுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. (சைவர்கள் வெங்காய சூப்பை மட்டும் விசாரித்துக் குடியுங்கள், பழைய முறைப்படி அது மாட்டெலும்பு வெந்த நீரில் செய்வது.) வெண்ணெயும் சீஸும் கபத்தைக் கூட்டும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் இரவு பத்தரைக்கு வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தால், நம்ம பரோட்டாவும்தான் நெஞ்சைக் கரிக்கும்.

திருச்சியிலும் இப்போது வெளியே சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. கிளம்பும் முன், மாத்திரையையோ ஊசியையோ எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். சில மாத்திரைகள் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

மைத்துனர் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டார். இப்போதெல்லாம் மாத்திரை சட்டைப்பையில்தான் பயணம் செய்கிறது. சாப்பாடு மேஜைக்கு வந்து ஆவி பறந்தால்தான் அட்டையைப் பிரிக்கிறார்.