வாரிசு வேலை

எங்கப்பா எடுப்புக் கக்கூசு வாரி, பிறகு சாக்கடைக்குள் இறங்கி, நகராட்சிப் பணியில் இருக்கும்போதே செத்தார். பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்னே சுகாதார ஆய்வாளர் ஆளனுப்பினார், வாரிசு வேலைக்கு மனுப் போடச் சொல்லி. நான் பி.ஏ. படிப்புக்கேற்ற வேலை கேட்கலாம்தானே என்றேன். "எழுத்தர் இடம் காலியில்லப்பா. ஒங்கப்பன் இடம்தான் காலி." சாதியை ஒருவர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழு வருஷமாச்சு. இப்போது ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில் கிடக்கிறது. தேதி மட்டும் போடவில்லை.

தோழர்கள் ஓடிவருகிறார்கள். "நிரந்தர வேலை, உள்ளே இருந்து போராடுங்க." அவர் கல்லூரி ஆசிரியர். எதற்குள்ளே இருந்து தோழர்? மூக்கு வரைக்கும் உள்ளேதான் இருக்கேன்.

அம்மா கேட்பது வேறு. "எல்லாத்தையும் காண்ட்ராக்டுல விட்டுட்டான். ஒன்னோட போனா இந்த நிரந்தரமும் போச்சு. சோத்துக்கு என்னடா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல் மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

மகார்களின் வதன் நிலத்தை நினைத்துக்கொள்கிறேன். ஊர் ஊழியத்துக்குக் கூலியாகத் துண்டு நிலம். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்த ஏற்பாட்டை மாற்ற அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். நிலம் போய்விடுமே என்று பயந்தவர்கள் மகார்களிலேயே உண்டு. அது சோத்துப் பயம், கோழைத்தனமில்லை. பரம்பரை வேலை நம்மைப் பிடித்துவைப்பதே அந்தப் பயத்தைக்கொண்டுதான். 1958இல்தான் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதுவரை காத்திருந்தவன் தலைமுறையைத் தொலைத்தான்.

அரசு என்ன செய்தது? 1993இல் ஒரு தடைச்சட்டம், 2013இல் இன்னொன்று. 2020இல் எங்களைத் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கினார்கள். பேர் மாறிச்சு, நாத்தம் மாறல. மலம் அள்ளுவதிலிருந்து மீள்வோருக்கு ஒருதரம் தருவதாகச் சொன்ன ரொக்கம் 40,000 ரூபாய், அதுவும் கணக்கெடுப்பில் பேர் ஏறினால். குழிக்குள் செத்தால் 2014இல் உச்சநீதிமன்றம் விதித்தது 10 லட்சம், 2023இல் 30 லட்சம். பிணத்துக்கு இருக்கிற மதிப்பு வெளியேறுகிறவனுக்கு இல்லை. வெளியே போனால் என்ன நிச்சயம் என்று கேட்பவர்கள், குழிக்குள் என்ன நிச்சயம் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

என் மகன் மூன்றாவது படிக்கிறான். என் இடம் காலியானால் அவனுக்கும் ஆளனுப்புவார்கள். நான் செத்துக் காலியாகக் கூடாது. விட்டுக் காலியாக வேண்டும்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "குவார்ட்டர்ஸ எத்தன நாளுக்குள்ள காலி பண்ணணும்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வா" என்றாள்.