தலைக் கணக்கா, வாடகைக் கணக்கா?

1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் 1979-இல் அமைந்த திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில் நாகர்கோவிலும் சேர்க்கப்பட்டது. மாற்றல் உத்தரவு வந்தால் குடும்பத்தோடு இங்கேதான் வருகிறோம்.

வீட்டு வாடகைப் படியோ மக்கள்தொகையைப் பார்த்து நிர்ணயமாகிறது! 50 லட்சம் தாண்டிய சென்னை ‘எக்ஸ்’ தரம், திருவனந்தபுரம் ‘ஒய்’. 2024 ஜனவரியில் உயர்ந்த பின்பும் அடிப்படைச் சம்பளத்தில் அங்கே 30 சதவீதம், இங்கே 20. ஏழாவது ஊதியக் குழுவின் 19,900 ரூபாயில் சேர்ந்த இளநிலை எழுத்தருக்கு அது 3,980 ரூபாய். அதைக்கொண்டு கரமனையில், சாலையில் இரண்டு அறை கேட்டுப் பாருங்கள்! வீட்டுக்காரர் ஊரின் தலைகளை எண்ணியா வாடகை சொல்கிறார்? முன்பணம் வேறு!

குவார்ட்டர்ஸ் கொடு, இல்லையேல் நடப்பு வாடகையைக் கணக்கிட்டுப் படி கொடு! முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடு! தனித்தனியே முணுமுணுத்துப் பயனில்லை, சங்கமாய்க் கேட்போம்.