கர்ணனுக்கு அழுத கண்ணீர்

கர்ண மோட்சம் பார்த்து அழாத ஆள் செஞ்சிப் பக்கத்தில் கிடையாது. நானும் அழுதிருக்கிறேன். வெயில் காலம் வந்தால் மேலச்சேரி தொடங்கிச் சுற்றுவட்டாரம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. எங்கள் சேரி ஆட்கள் கூட்டத்துக்கு ஓரமாக, மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்து பார்ப்போம். ஏன் ஓரம் என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. விடியப் போகிற நேரத்தில் கர்ணன் சாய்வான். ஊர்க்காரர்களும் அழுவார்கள், நாங்களும் அழுவோம். அந்த நேரத்துக்கு மட்டும் ஊரும் சேரியும் ஒன்றாகிவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

தோழர்களே, நான் ஏமாந்திருக்கிறேன். நாங்கள் அழுதது தேரோட்டி மகனுக்கு. ஊர் அழுதது குந்தி மகனுக்கு.

சந்தேகம் இருந்தால் பொன்னுருவி காட்சியை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். கர்ணன் போருக்குப் போகும் முன் மனைவியிடம் விடைபெற வருகிறான். அவளோ அவனைத் தேரோட்டிக்குப் பிறந்தவன் என்று இழிவாகப் பேசுகிறாள். கூத்தில் அதிகம் விசில் பறப்பதும் இந்த இடத்தில்தான், அதிகம் வலிப்பதும் இந்த இடத்தில்தான். இப்படிப் பேசிய பெண்ணுக்குக் கர்ணன் என்ன பதில் சொல்லியிருக்கலாம்? ‘தேரோட்டி மகன்தான், அதற்கென்ன’ என்று கேட்டிருக்கலாம். கேட்பதில்லை. நான் குந்தி வயிற்றில் சூரியனுக்குப் பிறந்தவன் என்று சொல்கிறான். உடனே அவள் மனம் மாறுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள். தேரோட்டி மகனை இழிவாகப் பேசியது தப்பு என்று கூத்து சொல்லவில்லை. ஆள் தெரியாமல் பேசிவிட்டாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘பிறப்பு ரகசிய உத்தி’. ஒரு கீழ்சாதிக்காரன் வீரனாக, வள்ளலாக, காதலனாக எழுந்து நிற்கிறான். பார்க்கிறவர்கள் அவனுக்காக அழுதே ஆக வேண்டும். ஆனால் கீழ்சாதிக்காரனுக்காக எப்படி அழுவது? அதனால் கதை அவனுக்கு ரகசியமாக ஒரு மேல்சாதித் தாயையோ தகப்பனையோ தேடிக் கொடுத்துவிடுகிறது.

ஒரு தடவை கண்ணில் பட்டால் பிறகு எங்கு பார்த்தாலும் இதுதான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனை அருந்ததியர் தம்பதி வளர்த்தார்கள். பிறந்தது மட்டும் காசி ராஜா வீட்டில். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அதையே ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆரியமாலையை நேசித்துக் கழுவேறிய காத்தவராயன் பறையர் வீட்டில் வளர்ந்தவன். ஆனால் அவன் கைலாசத்துப் பிள்ளையாம். பிராமண முத்துப்பட்டன் மணந்துகொண்ட பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் மகள்கள். சில பாடங்களில் அவர்களும் காட்டில் கிடந்த பிராமணக் குழந்தைகளாகிவிடுகிறார்கள். இது பின்னால் கொண்டுவந்து ஒட்டப்பட்டது என்று நா. வானமாமலை சொன்னார். நந்தனுக்குப் பிறப்பை மாற்ற வழியில்லை. பெரியபுராணம் அவரை நெருப்பில் இறக்கி, பூணூலோடு வெளியே எடுக்கிறது. ரகசியமாகப் பெற்றவள் குந்தி என்றால், இங்கே அந்த வேலையைத் தீ செய்கிறது.

ஏகலைவன் தப்பித்தான் என்று நினைத்திருந்தேன். கட்டைவிரலைக் கொடுத்த அந்த வேட்டுவப் பையனையும் விடவில்லை. அரிவம்சத்தைப் புரட்டினால், அவன் யாதவ குலத்தில் பிறந்து கைவிடப்பட்டு நிஷாதர்களிடம் வளர்ந்தவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அரிஸ்டாட்டில் பாடம் இருக்கும். துன்பியல் நாயகன் பேரும் புகழும் செல்வமும் உள்ளவனாக, ஈடிபஸ் மாதிரிப் பெரிய குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். ஈடிபஸ் நாடகத்திலும் பிறப்பு ரகசியம்தான் மையம். ஆனால் அங்கே அந்த ரகசியம் வெளிப்பட்டதும் ராஜா அழிகிறான். நம் ஊரில் அது வெளிப்பட்டதும் சூத்திரன் ராஜாவாகிறான், அவன் சாவுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. கிரேக்கத்தில் வினையைக் காட்டிய உத்தி இங்கே சாதிச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகமாகிவிட்டது. ஐரோப்பாவிலும் இது மாற நெடுங்காலம் பிடித்தது. பியூக்னர் 1837இல் சாகும்போது முடிக்காமல் விட்டுப்போன ‘வொய்செக்’கின் நாயகன் ஓர் ஏழைப் படைவீரன். கடைசிவரை ஏழைப் படைவீரனாகவே இருக்கிறான். யாரும் அவனை ராஜா மகன் என்று கண்டுபிடிப்பதில்லை.

நம் கூத்தின் கட்டமைப்பிலேயே இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கட்டியக்காரன் யார், என்ன, எந்த ஊர், என்ன குலம் என்று விசாரிப்பான். அவர் தன் பெருமையைச் சொல்லி முடித்த பிறகுதான் கதைக்குள் வரலாம். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டையிட்டுச் செத்த தேசிங்கு ராஜாவுக்கு இதில் சிரமமே இல்லை. ராஜா என்று சொன்னால் போதும், கண்ணீர் தயார். 2025இல் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டம் வந்திருக்கிறது. இனி இன்னும் நிறையப் பேர் வந்து அவருக்காக உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். போகட்டும்.

எனக்கு உறைக்கிறது வேறொன்று. அரக்கு மாளிகை எரிந்த கதை உங்களுக்குத் தெரியும். பாண்டவர்கள் சுரங்கம் வழியாகத் தப்பிக்கிறார்கள். மறுநாள் சாம்பலில் ஆறு பிணம் கிடக்கிறது. யாருடையவை? சாப்பாடு கிடைக்கும் என்று வந்து, குடித்துத் தூங்கிவிட்ட ஒரு நிஷாதத் தாயும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும். வியாச பாரதத்திலேயே இருக்கிறது. தீ வைத்தவன் பீமன். ஊர் அந்தப் பிணங்களைப் பார்த்து அழுதது, குந்தியும் பாண்டவர்களும் என்று நினைத்துக்கொண்டு! அந்தத் தாய்க்கு ஒரு பெயர்கூட இல்லை. பிறப்பு ரகசியம் இல்லாத கீழ்சாதிச் சாவு எப்படி எழுதப்படும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

‘கூத்தைக் கூத்தாகப் பாருங்கள் சார், இதில் போய் சாதியைத் தேடுகிறீர்களே’ என்பார்கள். நான் எங்கே தேடினேன்? இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி இருக்கிறது. அங்கேயும் திரௌபதி அம்மன்தான். 2023 ஏப்ரல் திருவிழாவில் உள்ளே போன நம் பிள்ளைகளை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்கு சீல் வைக்கப்பட்டது. நீதிமன்றம் ஏறி இறங்கி, 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு நம் மக்கள் உள்ளே போனார்கள். சபையில் முடியைப் பிடித்து இழுத்து அவமானப்படுத்தப்பட்டவளைச் சாமியாகக் கும்பிடும் கோயில் அது. திரௌபதியின் அவமானம் புரிகிறவர்களுக்கு வாசலில் நிற்கிறவரின் அவமானம் ஏன் புரியவில்லை? எல்லாம் அந்தக் கட்டியக்காரன் கேள்விதான். 2013இல் தர்மபுரித் தண்டவாளத்தில் ஒரு பையன் கிடந்தபோதும், 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஒருவர் வெட்டப்பட்டபோதும், டீக்கடையில் முதலில் கேட்ட கேள்வி ‘பையன் என்ன ஆளுங்க?’ பதிலைத் தெரிந்துகொண்டுதான் வருத்தப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

நம்மிலும் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். மதுரை வீரன் எங்கள் குலசாமி, அவரைக் குறை சொல்கிறாயா என்று கேட்பார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. காசி ராஜாவைத்தான் வேண்டாம் என்கிறேன். அருந்ததியர் வீட்டில் பிறந்த வீரன் எனக்குப் போதும். கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ நாடகத்தில் வருகிறவர்களுக்கு ரகசிய ராஜ வம்சம் எதுவும் தேவைப்படவில்லை. கொடியங்குளம் 1995ஐ நினைவூட்டிய மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ படத்தில் கர்ணன், துரியோதனன், அபிமன்யு எல்லாம் நம் தெருக்காரர்கள். எந்தக் குந்தியும் வந்து உரிமை கொண்டாடவில்லை. அந்தப் பெயர்களைக் கேட்டே போலீஸ் அதிகாரிக்குப் பொத்துக்கொண்டு வருகிறதே, அந்த இடத்தை மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவி, அரக்கு மாளிகையை அந்த நிஷாதத் தாயின் பக்கமிருந்து கூத்தாக எழுதத் தொடங்கியிருக்கிறார். மத்தளத்துக்கு ஆள் சம்மதித்துவிட்டார். முகவீணைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. முதல் காட்சியிலேயே சண்டை வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் அந்தத் தாய் நிற்கிறாள். கட்டியக்காரன் வழக்கம்போல என்ன குலம் என்று கேட்கிறான். அவளைப் பதில் சொல்ல வைப்பதா, அல்லது ‘பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, திரையை எடு’ என்று சொல்ல வைப்பதா? பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். அடுத்த வாரம் மறுபடி உட்காருகிறோம். செஞ்சிப் பக்கம் இருக்கிறவர்கள் வாருங்கள். பாடத் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள்.