சின்ன விபத்து யாருக்குச் சின்னது?

பெங்களூரிலோ புனேயிலோ சிக்னலில் நிற்கிற ஆட்டோவைப் பின்னால் வந்த கார் இடிக்கிறது. டிரைவர்கள் இரண்டு பேரும் இறங்கி, கொஞ்ச நேரம் கத்தி, நசுங்கிய தகரத்தைத் தடவிப் பார்த்து, ஐநூறோ ஆயிரமோ கைமாறி, பஞ்சாயத்து முடிந்துவிடுகிறது. உள்ளே முன்கம்பியில் மோதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவருக்குப் பாஷை தெரியாது. நாம் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா, லேசா இடிச்சுக்கிட்டேன்" என்பார். பேரனைப் பார்க்க வந்த இடத்தில் பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதாம்!

இந்த "ஒண்ணுமில்ல"வை நம்பாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சேதம் சின்னது என்பது வண்டியைப் பொறுத்தவரைதான். உள்ளே இருந்தவருக்கு என்ன ஆச்சு என்று தெரிய நாளாகும்.

கழுத்து வலி பல சமயம் மறுநாள்தான் தலைகாட்டும். விழாமல் இருக்கக் கையை ஊன்றியவருக்குக் கட்டை விரல் பக்கம் மணிக்கட்டில் வலி என்றால், முதல் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியாமலே போகலாம். 10-14 நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்று விட்டுவிட்டால், எலும்பு சரியாகக் கூடாமல் அந்தக் கை கடைசி வரை தொந்தரவு கொடுக்கலாம்.

இதைவிடப் பயப்பட வேண்டியது தலையில் பட்ட அடி. வயதானவர்களுக்கு, அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்து வேலையைக் காட்டலாம். தலைவலி, நடையில் தள்ளாட்டம், குழப்பம், பகலெல்லாம் தூக்கம். வீட்டில் "வயசாயிடுச்சில்ல" என்று சொல்லிவிடுவார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதுதான்.

ஆனால் அந்த மூன்றாவது வாரத்தில் அம்மா எங்கே இருப்பார்? ஊரில். "அங்கே போய் நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்று ரயில் ஏற்றி விட்டிருப்போம். சீட்டும் ஸ்கேனும் இங்கே நம் அலமாரியில் இருக்கும். கரூரிலோ தென்காசியிலோ இருக்கிற டாக்டர் தலைவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவார். ஆட்டோவில் அடிபட்டதை அம்மாவே மறந்திருப்பார், அவர் பாவம் என்ன செய்வார்? வெளியூரில் வாழ்கிற நம் குடும்பங்களில் சிகிச்சை அறுந்து போவது இந்த இடத்தில்தான்.

அரசாங்கமும் இந்த இடத்தில்தான் கையை விடுகிறது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, அதற்கான மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டுமே உயிர் காக்கிற நல்ல திட்டங்கள், சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவது எக்ஸ்ரே எடுக்க வேண்டிய 14ஆவது நாள் இரண்டிலுமே இல்லை. எந்த ஊரில் காட்டினாலும் செல்லும்படியாக ஒரே ஒரு மறுபரிசோதனையைச் சேர்த்தால் என்ன? ஆபரேஷன் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

அதுவரைக்கும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி நம்பரை அங்கேயே படம் எடுங்கள். போலீஸ் தொல்லைக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லாதீர்கள். சாலை விபத்து என்றே எழுதட்டும், போலீஸிலும் புகார் கொடுங்கள். காசு கொடுத்து ஆட்டோவில் போகிற பயணிக்கு அந்த வண்டியின் கட்டாய இன்ஷூரன்ஸிலேயே ஈடு உண்டு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 6 மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, அடிபட்டவர் வசிக்கிற ஊர் தீர்ப்பாயத்திலும் போடலாம். திருநெல்வேலிக்காரர் புனேக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் காகிதம் இல்லாமல் எதுவும் நடக்காது.

சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அம்மாவின் பையில் ஒரு செட், உங்களிடம் ஒரு செட். முடிந்தால் ரயில் டிக்கெட்டை மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் ஊரில் இருக்கிற அக்காவிடமோ பக்கத்து வீட்டிலோ என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

தினமும் போனில் "சாப்டாச்சா" என்று எப்படியும் கேட்கத்தான் போகிறோம். அந்த மூன்று வாரம் மட்டும் "தலை வலிக்குதாம்மா, நடக்கும்போது தள்ளுதா" என்றும் சேர்த்துக் கேட்போமே.