ஊசி இலவசம், ஒரு நாள் கூலி?

ஆண்டு மலர் என்றால் காதல் கவிதையும் கல்லூரி நினைவுகளும்தான் எழுத வேண்டுமா? நான் இந்த முறை குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியைப் பற்றி எழுதுகிறேன். "இது நர்சிங் படிக்கிறவங்க எழுத வேண்டியதாச்சே, மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். 1985-ல் நம் நாட்டில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1995-ல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் வந்தன. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. சாதாரணச் சாதனையா இது? இன்று பிறந்தவுடன் பி.சி.ஜி., 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. நம் கடலூர் மாவட்டக் குழந்தைகளுக்குக் கூடுதலாக மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசு பரப்புகிற நோய் அது. இவ்வளவும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம்!

பிறகு என்னதான் குறை? ஊசி இலவசம்தான். ஆனால் அதைப் போட்டுக்கொள்ளப் போகும் நாள் இலவசமில்லையே!

என் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான்தான். என் தங்கச்சிக்குத் தட்டம்மை ஊசி போட அம்மா இரண்டு முறை போய்த் திரும்பினார். இரண்டு முறையும், "புள்ளைங்க சேரலம்மா, அடுத்த வாரம் வா" என்ற பதில்தான். "ரெண்டு நாள் கூலியும் போச்சு, ஊசியும் போடல" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். மூன்றாவது முறையும் போனார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். எத்தனை தாய்மார்களால் அப்படிப் போக முடியும்?

அந்த நர்சம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். பி.சி.ஜி., தட்டம்மை மருந்துகளைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். மருந்து எப்போதும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும். சில மருந்துகள் உறைந்து போனாலும் கெடும். ரெப்ரிஜரேஷன் படிக்கிற நமக்குத்தானே தெரியும், இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று! மருந்து இருக்கிற இடத்தைத் தேடி எல்லாத் தாய்மார்களும் வரட்டும் என்று சொல்வது சுலபம். வராவிட்டால்?

அதற்கும் நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்து போயின. மாநிலமே அதிர்ந்தது. அதன்பின் கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போட்டார்கள். பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் தூரம் கூடியது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06-ல் நூற்றுக்கு 81. 2015-16-ல் 70! 2019-21-ல்தான் 89-க்கு ஏறியது. இடையில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். என்றாலும், கூலிக்குப் போகும் தாய்க்குத் தூரம் என்பது சின்ன விஷயமில்லை என்பது என் கருத்து.

நெய்வேலிக்கு இது நன்றாகவே பொருந்தும். டவுன்ஷிப் வட்டங்களில் அகலமான சாலை, மர நிழல், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து பக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளர் குடும்பங்கள், வடமாநிலத்திலிருந்து குழந்தைகுட்டியோடு வந்தவர்கள். புதன்கிழமை ஊசி நாள் என்பதை அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? நம் ஊர் கரண்ட் எங்கெங்கோ தடுப்பூசிப் பெட்டியைக் குளிர வைக்கிறது. நம் ஊர் ஓரத்துக் குழந்தைக்கு ஊசி தவறலாமா?

ஊசி, கூலிக்காரர் இருக்கும் இடத்துக்கு, அவர்களுக்குத் தோதான நேரத்துக்கு வர வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது ஷிப்ட் முடிந்த பிறகு மாலையில் முகாம் போடலாம். விடுபட்ட குழந்தைகளுக்காக 2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் திட்டத்தில் செங்கல் சூளைக்கும் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் போனார்களே, இங்கே ஏன் முடியாது?

கேட்பது மட்டும் போதாது, நாமும் செய்வோம். நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாக எழுத்துக் கூட்டியவர்கள். ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் கிடக்கும் தடுப்பூசி அட்டையை அம்மாவால் படிக்க முடியாது, நம்மால் முடியும். அவரவர் தெருவில் ஒன்றரை வயதுக்குள் இருக்கிற குழந்தைகளின் அட்டையைப் பார்த்து, அடுத்த தேதியைக் குறித்து, பட்டியலை நர்சம்மாவிடம் கொடுப்போம். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் குப்பியைத் திறக்க யாரும் யோசிக்க மாட்டார்கள். மாணவர் சங்கம் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக நமக்கும் ஒன்று. அதே அட்டவணையில் 16 வயதுக்கும் ஓர் ஊசி உண்டு: ரணஜன்னிக்கான டி.டி. ஒர்க்‌ஷாப்பில் தினமும் இரும்போடு மல்லுக்கட்டும் நாம் எத்தனை பேர் அதைப் போட்டிருக்கிறோம்? போடாதவர்கள் வரும் புதன்கிழமையே போய்க் கேளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் குழந்தையோடு கூட்டிக்கொண்டு போவோமா?